இருபத்திரண்டு அங்குலமா, இருபத்தாறா?

என் மனைவி இருந்தவரை நானும் என் பிள்ளையும் போனில் பேசிக்கொண்டதே இல்லை என்று சொன்னால், அது முழுப் பொய்யும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கனடாவிலிருந்து போன் வரும். அங்கே அப்போது சனிக்கிழமை ராத்திரி. அவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வாள். முக்கால் மணி நேரம் பேச்சு நடக்கும். ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு முட்டி வலி, வெள்ளை கோபுரம் பக்கம் எந்தக் கடையை எடுத்துவிட்டார்கள், எல்லாம் அங்கே போய்ச் சேரும். கடைசியில், "இந்தாங்கோ, உங்க பிள்ளை" என்று போனை என் கையில் திணிப்பாள். நான், "என்னடா, சௌக்கியமா? உடம்பைப் பாத்துக்கோ" என்பேன். அவன், "சரிப்பா, நீங்களும் பாத்துக்கோங்கோ" என்பான். போன் அவளிடம் திரும்பிப் போய்விடும்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் ஆசாரியன் திருவடி அடைந்தாள். காரியங்களுக்கு வந்த பிள்ளை பதிமூன்றாம் நாள் முடிந்து திரும்பிப் போனான். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை போன் தவறாமல் வந்தது. ஆனால் நடுவில் இருந்து பேசியவள் இல்லை. "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "அங்க மழையா?" "இல்லை. அங்க?" "பனி." இதற்குமேல் எங்கள் இருவருக்கும் தமிழ் தெரியாதது போல ஆகிவிடும். இரண்டு நிமிஷம் தாண்டாது. போனை வைத்துவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் வரைக்கும் அந்த வீட்டில் பேசுவதற்கு குக்கரைத் தவிர யாரும் கிடையாது.

கோயிலுக்குப் போகலாமே என்பார்கள். போகிறேன். ஆனால் பெருமாள் திரும்பிப் பேசுகிறவர் இல்லை. இதை எங்கள் தெருவில் சத்தமாகச் சொன்னால் என்னோடு பேச மாட்டார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொல்லிவிட வேண்டும். திருச்சிக்கு வெளியே இருக்கிற அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் குழல் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். துப்பாக்கிக் குழலை நாங்கள் பேரல் என்போம். கடைந்து, உள்ளே திருகுத் தடமாகப் புரி போட்டு வருகிற பேரலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்க்க வேண்டும். உள்சுவரில் நிழல் வளையம் வளையமாக விழும். எல்லா வளையத்துக்கும் மையம் ஒன்றாக இருந்தால் பேரல் நேர். ஒரு வளையம் ஓரமாக ஒதுங்கினால் கோணல், தள்ளிவிடு. இதற்கெல்லாம் கருவிகள் இருந்தன, பிறகு இன்னும் நல்ல கருவிகள் வந்தன. ஆனாலும் கண் சொல்வதைக் கருவி மறுத்தால் எனக்குக் கருவி மேல்தான் சந்தேகம் வரும். இந்தக் குணத்தால் எனக்கு அங்கே நண்பர்கள் குறைவு.

காலையில் திருமண் இட்டுக்கொண்டு, தயிர்சாதம் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து ஃபாக்டரி பஸ்ஸில் போவேன். பக்கத்து மேஜைக்காரர் அரியமங்கலத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. "சாமி, பூண்டு கூட சாப்பிட மாட்டீங்க. நீங்க பாஸ் பண்ண பேரல்ல எத்தனை பேரு வைகுண்டம் போயிருப்பாங்கன்னு கணக்கு வெச்சிருக்கீங்களா?" என்பார். எனக்குக் கோபம் வரும். "நான் பாத்தது நேரா இருக்கான்னு மட்டும்தான். எங்க போறதுன்னு பெருமாள் பாத்துப்பார்" என்பேன். அவர் சிரிப்பார். ஓய்வு பெறும் வரை நான் ஒரு உயிரை நோக்கி ஒரு துப்பாக்கியையும் நீட்டியதில்லை. ஒரு கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் தள்ளி வெளியே விடுகிற வீடு எங்களுடையது.

அப்படிப்பட்ட என்னிடம் போன தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சாப்பிட்டாச்சா" எல்லாம் முடிந்து போனை வைக்கப் போகும் நேரத்தில், பிள்ளை தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது. இங்க மூஸ் வேட்டைக்குப் போவா. ஒரு ரைஃபிள் வாங்கலாம்னு யோசனை. எந்தத் தோட்டாவுக்கானது வாங்கறது, பேரல் எவ்வளவு நீளம் இருக்கலாம்னு தெரியலை. இருபத்திரண்டு இன்ச்சா, இருபத்தாறா?"

அவன் இருப்பது கனடாவின் வடக்கே, காட்டை ஒட்டிய ஒரு எண்ணெய் ஊர். அங்கே என்ஜினீயர். பெண்டாட்டி திருச்சி மேலப்புதூர்ப் பெண், கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் சர்ச்சிலும் நடந்தது, எங்கள் வழக்கப்படியும் நடந்தது. இரண்டிலும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன் என்று போட்டோக்கள் சொல்கின்றன. ஆக, கோபித்துக்கொள்வதில் எனக்குப் பழக்கம் உண்டு, அவன் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் என் நெற்றியில் இருந்த திருமண் வாய் திறப்பதற்குள் ஃபாக்டரிக்காரன் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டான். "அது என்ன தோட்டாங்கறதைப் பொறுத்ததுடா. மருந்து நிறைய இருக்கற தோட்டாவுக்கு நீளமான பேரல் வேணும். குட்டையா இருந்தா மருந்து முழுக்க எரியறதுக்கு முன்னாடியே குண்டு வெளியில வந்துடும், பாக்கி மருந்து பேரல் வாயில நெருப்பாப் போகும், சத்தம்தான் மிச்சம். மொதல்ல இந்த மூஸ்ங்கறது என்ன, எவ்வளவு பெரிசு?"

"மான் ஜாதிதான்பா. ஆனா குதிரையை விட உசரம்."

"எவ்வளவு தூரத்துல நிக்கும்?"

அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசினோம். போனை வைத்தபோது என் காது சுட்டது. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது நான் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒரு உயிரை எப்படிக் கொல்வது என்று பேசிவிட்டுப் பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது?

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் பேச விஷயம் இருந்தது. போலீஸ்காரர்கள் தோளில் பார்த்துப் பழகிய பழைய த்ரீ நாட் த்ரீயிலிருந்து ஆரம்பித்தோம். பிறகு த்ரீ நாட் எய்ட். அது அடக்கமான தோட்டா, உதை குறைவு, இருபத்திரண்டு அங்குலப் பேரலே அதற்குப் போதும். அதற்கும் மேலே முந்நூறு மேக்னம் என்று ஒன்று. அதன் வயிற்றில் மருந்து ஏராளம், குண்டு பறக்கும், தோளை உதைக்கும், இருபத்தாறு அங்குலம் கொடுத்தால்தான் அதற்குத் திருப்தி. ஒரு வாரம் உள்புரி பற்றிப் பேசினோம். கனமான குண்டு நீளமாக இருக்கும், நீளமான குண்டு தள்ளாடாமல் போக வேண்டுமென்றால் புரி இறுக்கமாகச் சுற்ற வேண்டும், பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்னொரு வாரம் எண்ணெய். நான் திருச்சி வழக்கப்படி, "கையில வேர்வை பட்டா மறுநாளே துரு. எண்ணெயை நன்னாப் பூசு" என்றேன். "இங்க மைனஸ் இருபதுப்பா. எண்ணெய் பூசினா மெழுகாட்டம் இறுகிண்டு, தோட்டாவை உள்ள தள்ளற போல்ட்டே நகராது" என்றான். வேர்வையே இல்லாத ஊரில் ஒரு துப்பாக்கி எப்படி இருக்கும் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

திங்கள் முதல் சனி வரை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார் செய்வது என் வேலையாயிற்று. டேப்லெட்டில் வெள்ளைக்காரர்கள் பனியில் நின்று பேசும் வீடியோக்களைப் பார்ப்பேன். துணி உலர்த்த வந்த எதிர் ஃபிளாட் மாமி ஜன்னல் வழியாக ஒருநாள் பார்த்துவிட்டு, "மாமா, பிரவசனம் கேக்கறேளா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நான் வேண்டுமென்றேதான் முடிவு சொல்லவில்லை. "எது வாங்கட்டும், சொல்லுங்கோ" என்று அவன் கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஒண்ணு பாக்கணும். அடுத்த வாரம் சொல்றேன்" என்பேன். முடிவு சொன்ன மறுவாரமே "சாப்பிட்டாச்சா, மழையா" என்று பழையபடி ஆகிவிடும் என்று எனக்குப் பயம். அந்த இரண்டு நிமிஷத்துக்குத் திரும்பிப் போக எனக்குத் தைரியம் இல்லை. அதனால் ஒவ்வொரு வாரமும் ஒரு சந்தேகத்தைப் பத்திரமாகப் பாக்கி வைத்தேன்.

ஆடியில் காவிரியில் தண்ணீர் வந்தபோது பஸ் ஏறி முக்கொம்புக்குப் போனேன். இருநூறு மீட்டர் தூரம் என்றால் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. ஃபாக்டரியில் நான் பார்த்ததெல்லாம் கைக்கெட்டும் தூரத்து ஜன்னல்தானே. கரையில் ஓரிடத்தில் நின்றேன். எதிரே மணல்திட்டில் ஒரு எருமை மேய்ந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய அந்தத் தூரம்தான். கையில் இருந்த குடையைத் தோளில் பொருத்தி, ஒற்றைக் கண்ணை மூடி, குடை நுனியில் எருமையை வைத்துப் பார்த்தேன். நுனி நடுங்கியது. எருமையின் தலைக்கும் வாலுக்கும் நடுவே அது பாட்டுக்கு உலாத்திக்கொண்டிருந்தது.

வறுத்த மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி அடுப்புக்குப் பின்னாலிருந்து, "என்ன சாமி, எருமைக்கு குடை புடிக்கிறீங்களா? அது நனைஞ்சு ரொம்ப நாளாச்சு" என்றாள். பிக்னிக் வந்திருந்த குடும்பம் ஒன்று சிரித்தது. நான் குடையை இறக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து எருமை தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. அது என்னைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் முடிவு செய்துவிட்டேன். மேக்னம்தான். சாகப்போகிற பிராணிக்குச் சாகிறோம் என்றே தெரியக் கூடாது. சத்தம் அதன் காதுக்கு எட்டுவதற்குள் அது போய்விட வேண்டும். இருக்கிறதிலேயே பெரிய தோட்டா, அதற்கேற்ற இருபத்தாறு அங்குலப் பேரல். பாவத்தில் எனக்குப் பங்கு உண்டு என்றால், அந்தப் பங்கைக் குறைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். முடிவு செய்த பிறகும் மேலும் பல வாரங்கள் அதைச் சொல்லாமல் இழுத்தேன் என்பது வேறு விஷயம்.

புரட்டாசி பிறந்தது. அங்கே வேட்டைக் காலம் தொடங்கப் போகிறது, இனி இழுக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று காத்திருந்தேன். போன் வந்தது. பேசியது நாட்டுப்பெண், அவன் பெண்டாட்டி.

"மாமா, நான்தான் பேசுறேன். அவரு ஆபீஸ்ல மாட்டிக்கிட்டாரு, ஏதோ பம்ப் நின்னு போச்சாம். உங்களுக்கு போன் பண்ணாம விட்டுடாதன்னு சொல்லிட்டுப் போனாரு. சாப்டீங்களா?"

அவளோடு நான் அதிகம் பேசியதில்லை. அவளும் வற்புறுத்தியதில்லை. ஆனால் முடிவு எனக்குள் அடைத்துக்கொண்டிருந்தது, யாரிடமாவது சொல்லியாக வேண்டும். "அவன்ட்ட ஒண்ணு சொல்லும்மா. மேக்னமே வாங்கச் சொல்லு. த்ரீ நாட் எய்ட் எல்லாம் போறாது. அந்தப் பிராணி துடிக்காமப் போகணும்" என்றேன். ஏன் என்றும் விளக்கினேன். வேகம், எடை, உள்ளே போய் எப்படி விரியும் என்பது வரைக்கும் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே, "ஐயோ மாமா, அவ்ளோ பெருசெல்லாம் வேணாம். கறியே மிஞ்சாது. அடிபட்ட இடத்தைச் சுத்தி ரத்தம் கட்டிப் போயிடும். போன வருஷம் அடிச்சதுலயே தோள் பூரா வெட்டித் தூக்கிப் போட்டோம். இல்லன்னா ஃப்ரீசர் நிறைஞ்சிருக்கும்" என்றாள்.

எனக்கு முதலில் உறைத்தது கறி என்கிற சொல்தான். இத்தனை மாசத்தில் தோட்டாவின் எடை, வேகம், காற்று, குளிர் எல்லாவற்றையும் யோசித்த எனக்கு, செத்ததை அவர்கள் சாப்பிடுவார்கள் என்பது கணக்கிலேயே வரவில்லை. வேட்டை என்றால் அது எதற்காக? நான் எதற்காக என்று நினைத்தேன்? பூண்டு தொடாத ஒருவன் போட்ட கணக்கு அது. சாவோடு என் கணக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கத்தி, ஃப்ரீசர், அடுப்பு, தட்டு என்று ஒரு வருஷத்துக்கான காரியம் இருக்கிறது என்று தோன்றவே இல்லை. என் பிள்ளையின் தட்டு.

இரண்டாவதாகத்தான் மற்றது உறைத்தது.

"போன வருஷமா?" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அவரு சொல்லலையா மாமா?" என்றாள்.

"யார் துப்பாக்கி அது?"

"அவருதுதான். வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. த்ரீ நாட் எய்ட்தான் மாமா. இருபத்திரண்டு இன்ச்சு." அவள் குரல் இறங்கிவிட்டது. "தப்பா நினைக்காதீங்க மாமா. அத்தை போனப்புறம் உங்ககிட்ட என்ன பேசுறதுன்னே தெரியலன்னு தவிச்சுக்கிட்டே இருந்தாரு. இதுன்னா நீங்க சந்தோஷமாப் பேசுறீங்கன்னு..."

"சரிம்மா. வெச்சுடறேன்" என்றேன்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பக்கம் போதாது. அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போல எனக்குத் துப்பாக்கி கொடுத்திருக்கிறான். வீட்டில் இருக்கிற ரைஃபிளை வைத்துக்கொண்டே, எது வாங்கட்டும், எது வாங்கட்டும் என்று மாசக்கணக்காகக் கேட்டிருக்கிறான். நானும் முக்கொம்பில் போய்க் குடையை நீட்டிக்கொண்டு நின்றேன். வாரா வாரம் முடிவைத் தள்ளிப்போட்டு அவனை நான் பிடித்து வைத்திருப்பதாக நினைத்தேனே, அது எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. அன்றைக்கு நான் தளிகை பண்ணவில்லை. அவல் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். என் மனைவி இருந்தால் இதைச் சொல்லி அவனைத் திட்டியிருப்பேன், அவளும் அவன் பக்கம் பேசியிருப்பாள், நாங்கள் சண்டை போட்டிருப்போம். சண்டை போடக்கூட ஆள் இல்லாத வீடு எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. மேஜைமேல் அது அதிர்ந்துகொண்டே ஓரத்துக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு அம்மா மண்டபம் போய்க் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்தேன். யார் யாரோ யார் யாருக்கோ தர்ப்பணம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். போனவர்களுக்காவது தண்ணீர் விட்டுப் பேச ஒரு மந்திரம் இருக்கிறது. இருக்கிற பிள்ளையோடு பேச எனக்கு எது இருக்கிறது என்று யோசித்தேன். அழுகை வந்தது. முகம் கழுவுகிற சாக்கில் அதைக் கழுவிக்கொண்டேன்.

அந்த வாரத்தைத் தள்ள முடியவில்லை. கோபம் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிட்டது, வீம்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது. சனிக்கிழமைக்கு அதுவும் தீர்ந்தது. எங்கள் வீட்டில் போன் எப்போதும் அங்கிருந்துதான் வரும், இங்கிருந்து போனதே இல்லை. எஸ்.டி.டி. பூத் காலத்துப் பழக்கம், அப்படியே நின்றுவிட்டது. ஞாயிறு காலை அவன் கூப்பிடும் நேரத்துக்கு முன்னாலேயே நானே கூப்பிட்டேன்.

"அப்பா? என்னப்பா, உடம்புக்கு என்ன?" பதறிவிட்டான்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. துப்பாக்கிப் பேச்சு வேண்டாம். நீ எப்படி இருக்கே, அதைச் சொல்லு."

"நன்னா இருக்கேன்."

"வேலை?"

"போயிண்டிருக்கு."

"ம்."

"நீங்க?"

"இருக்கேன்."

அவ்வளவுதான். வாளி கிணற்றின் அடியில் தட்டிவிட்டது. அவன் மூச்சு விடுவது கேட்டது. என் மூச்சும் அவனுக்குக் கேட்டிருக்கும். இருவரும் மனசார முயற்சி பண்ணினோம் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் என்னால் பொறுக்க முடியாமல், எனக்குத் தெரிந்த ஒரே பாதையில் இறங்கினேன்.

"அந்த த்ரீ நாட் எய்ட்ல எந்த குண்டுடா போட்டே?"

நாட்டுப்பெண் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டாள் என்பது அவனுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். "நூத்தி எண்பது கிரெயின்" என்று குண்டின் எடையை மட்டும் சொன்னான்.

"சரியான குண்டுதானே. அப்பறம் ஏன் என்னை வாராவாரம் கேட்டே? கிழவன் தனியா இருக்கான், பொழுது போகட்டும்னா?"

"அப்படி இல்லப்பா."

"பின்னே?"

"அது உடனே சாகலைப்பா."

அவன் தானாகச் சொன்னான். இதுவரை நான் கேட்டிராத குரல் அது. கூட வேலை பார்க்கிற ஒருவனோடு போயிருக்கிறான். வில்லோப் புதருக்குள் மூஸ் நின்றது, அதிக தூரம்கூட இல்லை. தோளுக்குக் குறி வைத்தான். கை நடுங்கி, கொஞ்சம் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டது. அது ஓடிவிட்டது. ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மத்தியானம் முழுக்கப் பனியில் தேடியிருக்கிறார்கள். கண்டுபிடித்தபோது உட்கார்ந்திருந்ததாம், தலையை நிமிர்த்திக்கொண்டு. இவனால் மறுபடி சுட முடியவில்லை. நண்பன்தான் தோளில் சுட்டு முடித்தான். வண்டி கொண்டுவர நண்பன் போன பிறகு, அதன் பக்கத்தில் இவன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"அப்போ உங்களுக்குப் போன் பண்ணணும்னு தோணித்துப்பா. அங்க சிக்னல் இல்லை. வீட்டுக்கு வந்தப்பறம் என்னன்னு சொல்றதுன்னு தெரியலை. அவகிட்ட சொல்லலை. கூட வந்தவன் சிரிச்சுண்டு தட்டிக் குடுத்தான், எல்லாருக்கும் மொதல் தடவை இப்படித்தான்னு. உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? அதான் தோட்டாவைப் பத்திக் கேட்டேன்."

அவன் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது உண்மையான கேள்விதான். அவன் பெண்டாட்டிக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியவில்லை. வாராவாரம் அவன் அந்தப் பனியில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருக்கிறான். நான் புரியைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் பேசிவிட்டுப் பாட்டு முணுமுணுத்திருக்கிறேன்.

"அப்பா, நீங்க சொன்ன மேக்னமா இருந்திருந்தா அப்பவே விழுந்திருக்குமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் மனசு ஆறியிருக்கும், பழி இரும்பின் மேல் போயிருக்கும். பேரல் மேல் பழி போட்டுத்தான் நான் சம்பளம் வாங்கினேன். ஆனால் என் பிள்ளைக்குக் கோணலை நேர் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

"விழுந்திருக்காதுடா. வயித்துல பட்டா எதால சுட்டாலும் ஓடத்தான் ஓடும். அது தோட்டா தப்பும் இல்லை, பேரல் தப்பும் இல்லை."

"தெரியும்பா" என்றான். குரல் உடைந்துவிட்டது. "அதை யாராவது வாய் விட்டுச் சொல்ல மாட்டாளான்னு இருந்தது."

அழுதான். பெரியவனான பிறகு அவன் அழுது நான் கேட்டதில்லை. அம்மா போனபோதுகூட என் எதிரில் அழவில்லை. அழாதே என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியட்டும் என்று இடையிடையே "ம்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவனும் ஓய்ந்தான். அதற்குமேல் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய நாளாக இருந்தால் "உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்திருப்பேன். அன்றைக்கு வெகுநேரம் அப்படியே பேசாமல் இருந்தோம். அவனும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.